உழுது வைத்த கடற்கரை

காலை மணி பத்து ஐம்பத்திரண்டு. மூடிய ரயில்வே கேட்டுக்கு முன்னால் பதினாறு வண்டிகள். மூன்றாவதாக நின்ற அரசு ஜீப்பின் முன்சீட்டில் மணிமொழி. அவளுக்கு முன்னால் திருச்செங்கோட்டிலிருந்து வந்த, கிணறு துளைக்கும் போர் லாரி நின்றது, அதற்கும் முன்னால் ஒரு மினி பஸ். கேட்டைத் தாண்டி இருநூறு அடியில் ஒரு பஞ்சர் கடை, அங்கே ரோடு இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் வடக்கே பொன்னாரக்குடி. வலதுபக்கம் கிழக்கே சித்தாம்பாடி. போர் லாரி இடதுபக்கம் போக வேண்டும். அப்படித்தான் அறிக்கை சொன்னது, அறிக்கையை எழுதியவள் மணிமொழி, நிலத்தடி நீர்ப் பிரிவில் இருபத்தாறு வருடமாக நிலவியலாளர், வயது ஐம்பத்தொன்று, இரண்டு நாளாகப் பல்வலி. இரண்டு ஊரிலும் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இரண்டு ஊருக்கும் லாரியில்தான் குடிதண்ணீர் வருகிறது. திட்டத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆழ்துளைக் கிணறு. அதை இன்றைக்குப் போட்டுவிட்டு லாரி நாளை காலை திண்டுக்கல்லில் நிற்க வேண்டும். எல்லாம் முடிவானது, இனி யோசிக்க ஒன்றுமில்லை, பல்லைத் தவிர. கிராம்பை நாக்கால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே அவள் கேட்டைப் பார்த்தாள். சிமெண்டு ஏற்றிய கூட்ஸ் வரப்போகிறது, அது எப்போதும் ஐம்பத்தெட்டு பெட்டி, ஒருதரம் ஐம்பத்தொன்பது எண்ணியிருக்கிறாள், அது கார்டு பெட்டியையும் சேர்த்தாக இருக்கும்.

டிரைவர் கலியபெருமாள் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டிய கரிசல் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டேங்கறான் பாருங்க மேடம் என்றான், அவள் ம் என்றாள், அவன் தன்பாட்டுக்கு, இப்ப உழுது வெச்சாத்தான் மழைக்கு ஆவும், உழுது வெச்சுட்டா ஒரு கவலை விட்டுது என்றான். என்ன சொன்னே? ஒண்ணுமில்ல மேடம், உழுது வெச்சுட்டான்னு சொன்னேன். உழுது வெச்சுட்டா. கிராம்பு நின்றது. டிராக்டர் கொல்லையின் கடைசிவரை போய், பின்னால் இருந்த கொழுவைத் தூக்கி, அரைவட்டம் அடித்து, போன வழிக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்தது. போனது மேற்கே பார்த்து, வருவது கிழக்கே பார்த்து. அவள் அதைப் பார்த்தாள், அடுத்த சுற்றையும் பார்த்தாள். உளுதி வெச்சிட்டேன் மேடம். மெஷின்காரன் லிங்கப்பா அப்படித்தான் சொன்னான். ஜூன் மாதம், சோதனைத் துளை போட்ட நத்தமேட்டில், மாதிரிக் கல் எடுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில், பெட்டிகளைக் காட்டி, கர்நாடகத்துத் தமிழில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அவள் காதில் எழுதி வெச்சிட்டேன் என்று விழுந்தது. ஆழத்தைப் பெட்டிமேல் எழுதி வைத்திருக்கிறான் என்று. எழுதித்தான் இருந்தது, கறுப்புப் பெயிண்டில், கோணலாக. ரொம்ப நல்லது லிங்கப்பா என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். எதற்கு ரொம்ப நல்லது என்று சொன்னாள்? எழுதுவது அவன் வேலை, அதைச் செய்ததற்கு ஒருவன் ஏன் சிரிக்க வேண்டும், அவன் சொன்னது வேறு ஏதோ என்று அப்போதே ஒரு நொடி தோன்றியதா இல்லை இப்போதுதான் தோன்றியதாகத் தோன்றுகிறதா? உழுதி. உழுது. டிராக்டர் மறுபடி திரும்பியது.

பூமிக்குள்ளிருந்து குழாய் வழியாக எடுக்கும் கல் வளையல் அகலத்துக்கு உருளையாக வரும், அதை மரப்பெட்டியில் மீட்டர் மீட்டராக அடுக்குவார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் நோட்டில் எழுதுவதைப் போல அடுக்குவார்கள், ஒவ்வொரு வரிசையும் இடதுபக்கம் தொடங்கி வலதுபக்கம் முடியும், இடதுமுனை பூமியில் மேல், வலதுமுனை கீழ், அதைக் கேட்கவே வேண்டாம், யாரும் கேட்பதில்லை. ஆனால் சில இடத்தில் வேறுமாதிரி உண்டு என்று அவளுக்குத் தெரியும், கேள்விப்பட்டிருக்கிறாள், முதல் வரிசை இடமிருந்து வலம், அங்கேயே திரும்பி இரண்டாவது வரிசை வலமிருந்து இடம், மறுபடி திரும்பி மூன்றாவது. உழுகிற மாதிரி. லிங்கப்பா இந்த வேலையை அவன் அப்பாவிடம் ஏதோ சுரங்கத்தில் கற்றுக்கொண்டவன். அப்படி அடுக்கியிருந்தால் இரண்டாவது வரிசை அவள் படித்ததற்குத் தலைகீழ். இரண்டாவது வரிசை. பதினோராம் பெட்டியின் இரண்டாவது வரிசை. நல்ல தண்ணீர் நிற்கும் ஒன்பது மீட்டர் மணலில் எட்டு மீட்டர் உதிரியாகவே வந்து சாக்கில் கட்டினார்கள், கலந்துபோன மணல் எதையும் சொல்லாது, கெட்டியாகக் கல்லாக வந்தது அந்த ஒரு மீட்டர்தான், முழு அறிக்கையும் அந்த ஒரு மீட்டர்மேல்தான் நிற்கிறது. பெட்டி காட்டிக்கொடுத்திருக்க வேண்டாமா? தொடக்க ஆழம் இடது மேல் மூலையில் இருந்தது, முடிவு ஆழம் வலது கீழ் மூலையில் இருந்தது, சரியாகத்தான் இருந்தது. ஐந்து வரிசைப் பெட்டி. அவள் விரலால் முழங்கால்மேல் உழுது பார்த்தாள், போய், வந்து, போய், வந்து, போய். வலது கீழ் மூலை. ஐந்து வரிசை என்றால் எழுதினாலும் உழுதாலும் ஒரே மூலையில் முடியும். நான்காக இருந்திருந்தால், ஆறாக இருந்திருந்தால், முடிவு ஆழம் இடதுபக்கம் வந்து அவளைப் பார்த்து இளித்திருக்கும். ஐந்து. பெட்டி செய்த தச்சனுக்குப் பலகை மிச்சமிருந்திருக்கும். மேல் எது கீழ் எது என்று காட்ட அம்புக்குறி போடவில்லையே லிங்கப்பா என்று கேட்டது ஞாபகம் வந்தது, கேட்டுவிட்டு அவன் பதிலுக்குக் காத்திராமல், சிவப்புச் சாக்குக்கட்டியால், அவளே போட்டாள். ஐந்து வரிசையிலும். இடமிருந்து வலம். தன் கையால்.

எண்ணிப் பார்க்கலாம், பதறக் கூடாது. கரை என்று எதை வைத்துச் சொன்னாள்? மணல்மணி அந்தந்த மட்டத்தில் ஒரே அளவாக இருந்தது, அலை சலித்த மணல்போல, முனையெல்லாம் மழுங்கி. நடுவில் மயிரிழை தடிமனில் கறுப்புக் கோடுகள், கருமணல், இன்றைக்கும் கடற்கரையில் அலை வழிந்து திரும்பும்போது கனமான மணல் பின்தங்கி அப்படித்தான் கோடு போடும். வண்டல் பாயை விரித்த மாதிரி லேசான சாய்வு. விரல் தடிமனில் ஒரு வளை, உள்பக்கம் உருண்டை உருண்டையாகப் பூசியது, நண்டு வகையறா. அங்கங்கே சிப்பி. சின்னச் சின்ன ஓட்டைகள், அலை ஏறும்போது மணலுக்குள் மாட்டிய காற்றுக் குமிழி, அதைப் பார்த்துத்தான் அவள் மனசு குதித்தது, ஒன்பது கோடி வருடத்துக்கு முன்னால் வந்த ஓர் அலையின் மூச்சு அப்படியே நிற்கிறது என்று, இந்த வரியை அறிக்கையில் எழுதவில்லை, ஆனால் எழுதியதைப் போல ஒரு சந்தோஷம். ஆனால் மெஷினுக்கு ஊற்றும் தண்ணீர் மணியைப் பிடுங்கினாலும் அந்தமாதிரி ஓட்டை விழும். ஆனால் வளையும் கருமணலும் சிப்பியும் ஆற்றுவாயிலும் உண்டு, ஆறு கடலில் விழுகிற இடத்தில் எல்லாம் உண்டு. கடைசியில் அவள் முடிவு பண்ணியது ஒன்றை வைத்துத்தான், மணியின் பருமன். கரை கடல்பக்கம் வளரும்போது ஆழத்தின் நைஸ் மணல்மேல் அலை அடிக்கும் பருமணல் ஏறி உட்காரும், மேலே போகப் போகப் பருமன். ஆற்றுவாய் என்றால் நேர் எதிர், அடியில் பரல், மேலே போகப் போக நைஸ். இரண்டாவது வரிசையில் இடதுமுனையில் பரல், வலதுமுனையில் நைஸ். இடதுதான் மேல் என்றால் கரை. வலதுதான் மேல் என்றால் ஆற்றுவாய். கரை மணல் அந்தக் காலத்துக் கடலோரமாகவே நீளும், வடக்கு தெற்காக, பொன்னாரக்குடிக்கு. ஆற்றுவாய் மணல் கடலைப் பார்த்து நீளும், மேற்கு கிழக்காக, சித்தாம்பாடிக்கு. வரைபடத்தில் வடக்கு தெற்காகப் பதினோரு கிலோமீட்டருக்கு நீலப் பென்சிலால் கோடு இழுத்து, பழைய கரைக்கோடு என்று பெயர் எழுதியிருந்தாள். அழகான கோடு. மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, நேர்ல நின்னு பாத்த மாதிரி வரைஞ்சிருக்கீங்களேம்மா என்றார். அதை அவள் வீட்டில்கூடச் சொன்னாள்.

கூட்ஸ் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கல் பெட்டிகள் திருச்சி கிடங்கில் இருக்கின்றன, எண்பது கிலோமீட்டர், சாவி வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை போனே எடுக்கமாட்டார். பதினொன்று, பன்னிரண்டு. லிங்கப்பாவின் நம்பர் இருந்தது. கூப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அதனாலேயே விரல் போகவில்லை. கேட்டுவிட்டால் கேட்டதாகிவிடும். கேட்காமல் இருந்தால் இன்றைக்குப் பொன்னாரக்குடியில் தண்ணீர் வந்தாலும் வரலாம், மணல் எங்கே போகிறது என்று யார் கண்டது, அறிவியல் சொன்னதற்கு நேர்மாறாகப் பூமி இருந்ததே இல்லையா? வராவிட்டால் வறண்ட கிணறு, அது மாவட்டத்துக்கு வருடத்துக்கு நாற்பது விழுகிறது, யாரும் பெட்டியைத் திறந்து இரண்டாவது வரிசையைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. முப்பதா, முப்பத்தொன்றா? கூட்ஸ் பெட்டி எண்ணிக்கை தப்பியது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு குடியிருப்பில் அப்படி ஒரு கிணறு. அறுபத்தைந்து மீட்டரில் வெறும் புழுதி வந்து லாரி கிளம்பியபோது, வரிசையாக வைத்திருந்த குடங்களை ஒவ்வொருத்தியாக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள், சண்டை பிடிக்கவில்லை, சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியாக வந்தவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, ஆம்பளைங்க ரெண்டுபேர் வந்து குறிச்சுக் குடுத்து வரல, பொம்பளை வந்து பாத்தாலாச்சும் வரும்னு நெனச்சோம் என்றாள். திட்டவில்லை. கணக்கு சொல்வதைப் போலச் சொன்னாள். அந்தக் கிணற்றுக்கு இரண்டு பக்கக் காரணம் எழுதிக் கொடுத்தாள், எல்லாம் உண்மை, அவள் தப்பு பண்ணவில்லை, பாறை அப்படி இருந்தது. அது வேறு. இது வேறு. அப்போது தெரியாமல் போனது. இப்போது தெரிந்து போகப்போகிறது. தெரியவில்லை, தெரிந்ததாக ஒரு சந்தேகம், அதுவும் ஒரு டிராக்டரால்.

கூப்பிட்டாள். லிங்கப்பாவுக்குப் பதில் பதிவு செய்த ஒரு பெண்குரல் கன்னடத்தில் நிதானமாகப் பேசியது, சந்தாதாரரு என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது, மறுபடி கூப்பிட்டாள், மறுபடி சந்தாதாரரு. நிம்மதியாக இருந்தது, இருந்ததற்கு வெட்கமாக இருந்தது. போனைக் கீழே வைப்பதற்குள் அது அடித்தது. பொன்னாரக்குடி தலைவர் பூங்காவனம். எங்க மேடம் வர்றீங்க? கேட்ல நிக்கிறோம்மா. நீங்க நில்லுங்க மேடம், பொங்கல் வெச்சாச்சு, பானை கெழக்கால பொங்கி வழிஞ்சுது, சனம் குலவை போட்டுக் காது போச்சு, நல்ல சகுனம் மேடம், டிரைவருக்கும் சேத்து எலை போடச் சொல்லிட்டேன். சரிம்மா. கறி கிடையாது, ஞாயித்துக்கிழமைன்னு நெனச்சுக்காதீங்க, சாமி காரியம். சரிம்மா. வைத்தாள். கிழக்கால பொங்கியது. பானை எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கம் பொங்கும், அடுப்புக்கல் ஒன்று தாழ இருந்திருக்கும், அதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்கிற அளவுக்கு அவள் இறங்கிவிடவில்லை. ஆனாலும் கிழக்கு என்ற சொல் காதில் கிடந்து உறுத்தியது. கூட்ஸ் போய்விட்டது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு வண்டி வருகிறதாம், பாசஞ்சர், லேட்டாம். பின்னால் யாரோ ஹாரனை அமுக்க, கலியபெருமாள் தலையை வெளியே நீட்டி, ஏன் ஓய், ஹாரனுக்கா கேட் தொறக்கும், எறங்கி வந்து தூக்கிட்டுப் போயேன் என்றான்.

படம் இருந்தது. எப்படி மறந்தாள், பெட்டி பெட்டியாகப் போனில் படம் எடுத்திருந்தாள், பேத்தியின் காதுகுத்துப் படங்களுக்கு மேலே, ஜூன் மாதத்துக்கு, இன்னும் மேலே. பதினோராம் பெட்டி. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். அவள் போட்ட சிவப்பு அம்பு முதலில் தெரிந்தது, நேராக, சந்தேகமே இல்லாத அம்பு. அதற்குக் கீழே கல். சிப்பி. சிப்பியைப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் தரங்கம்பாடிக்குப் போயிருந்தார்கள், குணசேகரன் சுண்டல் வாங்கிக்கொண்டு வந்தபோது அவள் ஈர மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிப்பிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். குழிப்பக்கம் மேலே பார்க்கும்படி கிண்ணம்போல வைத்தால் அடுத்த அலை வந்து கவிழ்த்துவிடும், கவிழ்ந்த சிப்பியை அலை ஒன்றும் செய்யாது, மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒன்று வைத்தாள், கவிழ்ந்தது, இன்னொன்று வைத்தாள். நீ கல்யாணம் பண்ணிக்கிட்டது என்னையா சிப்பியையா என்றான் அவன், சொல்லிவிட்டு அவனும் உட்கார்ந்து ஒன்றை நிமிர்த்தி வைத்தான், அது கவிழ்ந்ததும், அடடே என்றான், சுண்டல் முழுக்க நனைந்துபோனது. ஓடுகிற தண்ணீரில் சிப்பி கவிழ்ந்துதான் படுக்கும், முதுகு மேலே. கரையானாலும் ஆற்றுவாயானாலும். கல்லுக்குள் அதன் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வானம். இதை ஜூன் மாதத்தில் ஏன் பார்க்கவில்லை? பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது. மேல் எது என்றுதான் ஏற்கனவே தெரியுமே. அவளே அம்பு போட்டிருந்தாளே.

வெயில் கண்ணாடியில் விழுந்து படம் தெரியவில்லை. சேலைத் தலைப்பைத் தலைக்கும் போனுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். என்ன மேடம், தலை சுத்துதா? இல்ல, நீ ரோட்டைப் பாரு. உள்ளே வியர்வையும் கிராம்பு வாசமும். நகம் வெட்டிப்போட்ட மாதிரி வெள்ளைப் பிறைகள், ஆறு. முதலாவது வலதுபக்கம் புடைத்திருந்தது. அது உடைந்த துண்டாக இருக்கலாம். இரண்டாவது, வலது. மூன்றாவது சாய்ந்து கிடந்தது, எதற்கும் சாட்சி சொல்லாது. நான்காவது வலது. ஐந்தாவது இடது. இடது, தெளிவாக இடது, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த ஒன்றுமட்டும் சரியாகவும் மற்ற எல்லாம் தப்பாகவும் இருக்க முடியாதா, அலையில் சிக்காமல் சேற்றில் அமுங்கியது குழி மேலேயே நிற்பதும் உண்டு, அப்படியானால் இடதுக்குக் கணக்கே வேறு, இல்லை, அதே காரணத்தைத் திருப்பிப் போட்டால் வலதுக்கும் வேறு. ஆறாவது வலது. நாலு வலது, ஒரு இடது, ஒரு சாய்ந்தது. நாலுக்கு ஒண்ணு. ஒரு வளையல் அகலத்தில், ஒரு மீட்டரில், நாலுக்கு ஒண்ணு. தேர்தல் என்றால் ஜெயிப்பு. பாறை என்றால்? மாணவி ஒருத்தி இதைக் கொண்டுவந்திருந்தால் இன்னும் ஐம்பது சிப்பி எண்ணிக்கொண்டு வா என்று சொல்லியிருப்பாள். ஐம்பது சிப்பி இல்லை. ஆறு. பாசஞ்சரின் சத்தம் கேட்டது. நாலுக்கு ஒண்ணு என்றால் வானம் வலதுபக்கம், வலதுபக்கம் நைஸ், நைஸ் மேலே பரல் கீழே, ஆற்றுவாய். நீலப் பென்சில் கோட்டில் கடலே இல்லை. நேரில் நின்று பார்த்த மாதிரி. அவள் நின்றது தலைகீழாக.

பாசஞ்சர் ஜன்னல் ஜன்னலாகப் போனது, ஒரு ஜன்னலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாரக்குடியில் இலை போட்டிருப்பார்கள். சித்தாம்பாடியில் யாரும் பொங்கல் வைக்கவில்லை, யாருக்கும் தெரியாது, அங்கே போய் நின்றால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார்கள். அங்கேயும் வறண்டால்? அறிக்கையை மீறி, ஒரு போன் படத்தை நம்பி, பொங்கல் வைத்த ஊரைத் தாண்டி, வேறு ஊரில் வறண்ட கிணறு. அதற்கு இரண்டு பக்கம் போதாது. பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. பேசாமல் இருப்பதற்கு ஒரு முயற்சியும் வேண்டாம், கேட் திறக்கும், லாரி இடதுபக்கம் திரும்பும், கலியபெருமாள் பின்னால் போவான், அவள் செய்ய வேண்டியது உட்கார்ந்திருப்பது மட்டும். குடத்தை இடுப்பில் வைத்தவளின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை, குடத்தின் நிறம் மட்டும் ஞாபகமிருந்தது, ஆரஞ்சு. கேட் மணி அடித்தது. மணிமொழி கதவைத் திறந்து இறங்கினாள், கால் மரத்துப்போயிருந்தது, போர் லாரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

லாரிக்காரர் சென்னியப்பன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். ஏனுங்க மேடம், எறங்கி வாரீங்க? தெரியுமுங்க, பீச்சாங்கைப் பக்கந்தானுங்களே? இல்ல என்றாள் மணிமொழி. சோத்தாங்கைப் பக்கம். சித்தாம்பாடி. அவர் பக்கத்தில் கிடந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். இதுல பொன்னாரக்குடின்னு போட்டிருக்குதுங்களே. அது தப்பு. யாரு தப்புங்க? என் தப்பு. கேட் தூக்கிக்கொண்டது, மினி பஸ் கிளம்பியது, பின்னால் பதிமூணு ஹாரன் ஒன்றாக அடித்தன. சென்னியப்பன் அவசரப்படவில்லை. நாளைக்கு ஆபீசுல என்னைக் கேப்பாங்க மேடம், வாயில சொன்னாப் பத்தாதுங்க, எழுதிக் குடுத்துருங்க. காகிதத்தையும் பேனாவையும் ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் லாரிக் கதவில் காகிதத்தை வைத்து, பொன்னாரக்குடியை அடித்து, சித்தாம்பாடி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டாள். 21.8.2016. கதவு என்ஜின் அதிர்வில் ஆடியதால் எழுத்து கோணிக்கொண்டு போனது. ஜீப்புக்குத் திரும்பி ஏறி, லாரி வலதுபக்கம் திரும்புவதைப் பார்த்துவிட்டு, பூங்காவனத்தைக் கூப்பிட்டாள். கேட் தொறந்துட்டாங்களா மேடம் என்றாள் பூங்காவனம், பின்னால் மேளம் கேட்டது. தொறந்துட்டாங்கம்மா, ஆனா லாரி அங்க வரல என்றாள் மணிமொழி. அந்தப் பக்கம் பூங்காவனம், சத்தம் கேக்கல மேடம், சத்தமாச் சொல்லுங்க என்றாள்.

சித்தாம்பாடியில் அன்று மாலை நாற்பத்துநான்காவது மீட்டரில் மணல் வந்தது, தண்ணீர் நல்ல தண்ணீர். 2018 மார்ச் 9ஆம் தேதி, வேறொரு திட்டத்தில், பொன்னாரக்குடி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எழுபது மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டார்கள். எழுபது மீட்டரும் களிமண்.